செல்லரித்த பீரோவும் ஒரு பழைய பொய்யும்



இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. ஞாயிறு தவறாமல் புத்தகச் செய்தி எழுதுகிற மனுஷன் சத்தமே இல்லாமல் இருக்கிறாரே என்று பல பேர் விசாரித்திருந்தீர்கள். அக்டோபர் 9 அன்று இலக்கியத்துக்கான நோபல் பரிசு ஹங்கேரி எழுத்தாளர் லாஸ்லோ கிராஸ்னஹோர்கைக்கு என்று அறிவித்தார்கள். அன்றைக்குக்கூட நான் ஒரு வரி எழுதாததைப் பார்த்துவிட்டு, மதுரையில் இருக்கும் மாணவி ஒருத்தி போன் போட்டு, "அய்யா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தினவன்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரஸ்வதி பூஜை இந்த வருஷம் அக்டோபர் 1, புதன்கிழமை. எங்கள் வீட்டில் பட்டாசலில் மனைப்பலகை போட்டு, அதில் கொஞ்சம் புத்தகங்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி, சுண்டல் படைப்பது வழக்கம். எந்தப் புத்தகத்தைப் பலகையில் வைப்பது என்பதில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. திருக்குறள், கம்பன், குற்றாலக் குறவஞ்சி, அப்புறம் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. இந்த நான்கும் கட்டாயம் இருக்கும். அவற்றை எடுக்கத்தான் காலையில் மச்சுக்கு ஏறினேன்.

மச்சில் இருக்கும் கண்ணாடி பீரோவை உங்களில் பழைய ஆட்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் பட்டாசலில் இருந்தது. மகன் கல்யாணத்துக்கு இடம் வேண்டும் என்று மேலே ஏற்றினோம். மேற்குச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன். கண்ணாடிக்குள் எல்லாம் வழக்கம்போல வரிசையாக, தலைப்பு தெரிய நின்றுகொண்டிருந்தன. கதவைத் திறந்து 'என் சரித்திர'த்தை உருவினேன். அட்டையின் முதுகு மட்டும் கையோடு வந்தது. பின்னால் புத்தகம் இல்லை. மண் இருந்தது.

அடுத்ததை இழுத்தேன். அதுவும் அப்படியே. கரையான் சுவர் வழியாக ஏறி, பீரோவின் பின்பக்கப் பிளைவுட்டைத் துளைத்து உள்ளே வந்திருக்கிறது. தாளைத் தின்றுவிட்டு முன்பக்கத்தை மட்டும் எனக்காக விட்டுவைத்திருக்கிறது. வெளியில் நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. நானும் மாசக்கணக்கில் வெளியில் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த வருஷம் சாரல் நன்றாக இருந்தது என்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தப் பக்கத்திலேயே நான் எத்தனை படம் போட்டேன் என்று பாருங்கள். குற்றாலத்துச் சாரல் மேலகரத்துக்கும் வரும். மேற்குச் சுவருக்குத்தான் முதலில் வரும். அதை மட்டும் நான் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு வீட்டம்மா மேலே வந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "மூணு வருசமா சொல்லுதேன், மேக்குச் செவுரு ஊறுது, பீரோவை நகட்டிப் போடுங்கன்னு. வத்தலுக்கும் புத்தகத்துக்கும் ஒரே மருந்துதான். வருசத்துக்கு ஒருக்கா வெயில் காட்டணும்" என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். 63 புத்தகங்கள் போய்விட்டன. "நாயன்மார் கணக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அன்றைக்கு மனைப்பலகையில் பேத்தியின் நாலாம் வகுப்புப் பாடப் புத்தகங்களை வைத்துத்தான் பூஜை நடந்தது.

மறுநாள் விஜயதசமி. பீரோவைக் காலி செய்தோம். கதவின் உள்பக்கத்தில் நான் ஒட்டி வைத்திருந்த ஒரு தாள் மட்டும் பத்திரமாக இருந்தது. "இரவல் போய் வராதவை" என்று தலைப்பு. கீழே 27 புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர், ஒரு வருஷம். அந்தப் பெயர்களில் பாதிப் பேர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கல்யாண வீட்டில் உங்களைப் பார்த்து நான் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே, "1991, புதுமைப்பித்தன் கதைகள்" என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடும்.

அன்று மத்தியானம் என்ன தோன்றியதோ, அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். ஒன்பது பேர் கிடைத்தார்கள். திருப்பிக் கேட்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து எல்லோரும் முதலில் தடுமாறினார்கள். "புத்தகம் இருக்கா?" என்று மட்டும்தான் கேட்டேன். ஏழு பேர் இருக்கிறது என்றார்கள். பாவூர்சத்திரத்து மாணவன் அந்தப் புதுமைப்பித்தனைப் படம் எடுத்தே அனுப்பிவிட்டான். அட்டை மாற்றிப் பைண்டிங் செய்திருக்கிறான். அவன் மகள் காலேஜுக்கு எடுத்துப்போய், அவளுடைய தோழிகள் நாலு பேர் படித்தார்களாம்.

என் கணக்கு அங்கேதான் தலைகீழாகியது. நான் பூட்டி வைத்த 63 மண்ணாகிவிட்டன. நான் தொலைந்துபோனதாக எழுதி வைத்தவை உயிரோடு இருக்கின்றன.

இதோடு நிறுத்தினால் இது ஒரு நல்ல நீதிக்கதை. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

1996-ஆம் வருஷம், ஆடி மாதம். பிளஸ் டூ மாணவன் ஒருவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். அம்மா பீடி சுற்றி அவனைப் படிக்க வைத்தாள். வகுப்பில் நான் உ.வே.சா. ஏடு தேடி அலைந்த கதையைச் சொல்லியிருந்தேன். "அய்யா, 'என் சரித்திரம்' ஒங்ககிட்ட இருக்கா? ஒரு வாரத்துல தந்துருதேன்" என்று கேட்டான். தலை நனைந்திருந்தது. கையிலும் ஈரம். அந்த ஈரக் கையைத்தான் நான் பார்த்தேன். "இல்லடே, ஒருத்தர் கொண்டு போயிட்டாரு" என்றேன். அவனுக்கு நேர் எதிரே இருந்த பீரோவில்தான் புத்தகம் இருந்தது. 1982-இல் வாங்கியது; அதுவரை யாருக்கும் தந்ததில்லை.

காப்பி கொண்டுவந்த வீட்டம்மா நான் சொன்னதைக் கேட்டாள். அவளுக்கும் தெரியும். அவன் காப்பியைக் குடித்துவிட்டுப் போனான். அன்று இரவு அவள் என்னிடம் பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும், நானும் கேட்கவில்லை.

எந்தப் புத்தகத்தை மறைத்தேன் என்பதுதான் இதில் பெரிய வெட்கம். மேலகரத்துக்காரன் ஒளித்து வைக்கவே கூடாத புத்தகம் அது. ஏன் என்று சொல்கிறேன். புதுத் தலைமுறைக்குத் தெரியாமல் இருக்கலாம்.

குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் நம்ம ஊர்க்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும். மதுரையை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு நிலம் கொடுத்ததும், அதற்குக் 'குறவஞ்சி மேடு' என்று பெயர் வந்ததும் நான் பாடத்தில் சொன்னவைதான். அந்தக் குறவஞ்சி ஏட்டில் மட்டும் இருந்திருந்தால் எப்போதோ செல்லரித்துப் போயிருக்கும். கோயிலிலும் தெருவிலும் பாடினார்கள், ஆடினார்கள், பார்த்து எழுதிக்கொண்டார்கள். அதனால்தான் நமக்கு வந்து சேர்ந்தது.

இன்னொருவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். பெயரிலேயே நம்ம ஊர் இருக்கிறது. திருவாவடுதுறை ஆதீனத்துக்குத் தலைவராக இருந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும், அவருடைய மாணவரான உ.வே.சாமிநாதையரையும் ஆதரித்தவர். 1876-இல் பிள்ளை காலமான பிறகு சாமிநாதையரைத் தன் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டார். 1880-இல் கும்பகோணம் கல்லூரிக்கு வேலைக்குப் போன சாமிநாதையரிடம் சேலம் இராமசாமி முதலியார், "சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்ற பொருளில் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது. அந்தச் சிந்தாமணியைப் பதிப்பிக்க ஏடு தேடியபோது, திருவாவடுதுறை மடத்து ஏடும் அவருக்குக் கிடைத்தது. மடத்துச் சொத்து, பூட்டித்தான் வைப்பேன் என்று தேசிகர் சொல்லவில்லை. 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. சில மாதங்களில், 1888 தொடக்கத்தில், தேசிகர் காலமானார்.

பிறகு பத்துப்பாட்டு ஏடு தேடி உ.வே.சா. நம்ம திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தார். ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகள் வரைக்கும் அலைந்தார். கொடுத்தவர்கள் இருந்தார்கள், கொடுக்க மனசில்லாமல் வைத்திருந்து செல்லுக்குக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். முதல் வகை ஆட்களின் ஏடுகள்தான் இன்றைக்கு நாம் படிக்கும் சங்க இலக்கியம். நான் இதையெல்லாம் வகுப்பில் உருகி உருகிச் சொல்வேன். வீட்டில் நான் இரண்டாவது வகை.

ஏட்டுக்கு மட்டும் இல்லை, அச்சுக்கும் இதே கதைதான். நாம் ரயில் ஏறி செங்கோட்டை, புனலூர் தாண்டிப் போகிற கொல்லத்தில்தான் 1578 அக்டோபர் 20 அன்று 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம். மொத்தம் 16 பக்கம். அன்றைக்கு அச்சிட்டவற்றில் இன்று நாம் அறிந்த பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் அச்சானது, கடல் கடந்து போனதால் தப்பித்தது. நம்ம ஊர் ஈரச் சுவர்களை நம்பி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் பீரோவைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன்.

சரி, அந்த மாணவனுக்கு வருகிறேன். இப்போது அவனுக்கு 46 வயது. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். ஆசிரியர் தினத்துக்கு வருஷா வருஷம் அவனிடமிருந்து வாழ்த்து வரும். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டேன். வீட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் நம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "நீ அன்னைக்கு ஒரு புத்தகம் கேட்டியே, இல்லைன்னு சொன்னேன். அது பொய்யிடே."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "தெரியும்யா" என்றான்.

"என்ன தெரியும்?"

"கண்ணாடி பீரோவுல ரெண்டாவது தட்டுல இருந்துச்சு. பச்சை அட்டை. அம்மாகிட்ட டம்ளர் வாங்க நீங்க திரும்பினப்போ பாத்தேன்."

29 வருஷம். அவனுக்குத் தட்டு நினைவிருக்கிறது, அட்டையின் நிறம் நினைவிருக்கிறது.

"ஏம்டே ஒண்ணும் கேக்கல?"

"அய்யாகிட்ட எப்படிக் கேக்க? வீட்டுக்குப் போயி அழுதேன். புத்தகத்துக்காக இல்லய்யா. என்னை நம்பலையேன்னுதான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவனே தொடர்ந்தான். "பொறவு லைப்ரரில சொல்லி வச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு வந்துச்சு. லைப்ரரியன் சாரே கூப்பிட்டுக் கொடுத்தாரு. அங்கயே உக்காந்து தினமும் அம்பது பக்கம் படிச்சேன். அத விடுங்கய்யா. தீவாளிக்கு ஊருக்கு வாரேன், வீட்டுக்கு வரட்டுமா?"

வா என்றேன். வேறு என்ன சொல்ல? மன்னிப்பு என்ற வார்த்தையை நானும் சொல்லவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. போனை வைத்தபின் வீட்டம்மா, "அன்னைக்கே எடுத்துக் கொடுத்திருக்கலாம்" என்றாள். 29 வருஷம் வைத்திருந்த வார்த்தை.

நான் இல்லை என்று சொன்னதை அவனுக்குக் கொடுத்தது நூலகம். இது என் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே இருக்கும். வரியில் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதன் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். அன்றிலிருந்து ஓட்டு வீட்டுக்காரனும் மாடி வீட்டுக்காரனும் நூலகத்துக்குப் பங்கு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பீடி சுற்றிய அந்தத் தாயும் கட்டியிருப்பாள். அவன் நூலகத்தில் உட்கார்ந்து படித்தது யாருடைய தயவும் இல்லை, அவன் வீட்டுப் பணம். என் பீரோவில் இருந்ததுதான் தயவு. அந்தத் தயவும் இல்லாமல் போயிற்று.

இனி வழக்கமான புத்தகச் செய்திகள். இதுவும் அதோடு சேர்ந்ததுதான்.

முதல் செய்தி, தாள் விலை. செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. பள்ளி நோட்டுக்கும், நோட்டுக்குப் போகும் தாளுக்கும் வரி இல்லை என்று ஆக்கினார்கள். நல்லது. ஆனால் மற்றத் தாளுக்கு 12 விழுக்காடாக இருந்தது 18 ஆகிவிட்டது. அச்சான புத்தகத்துக்கு வரி கிடையாது. கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் விற்கும்போது வரி இல்லாததால், தாள் வாங்கும்போது கட்டிய வரியைப் பதிப்பாளர் கழித்துக்கொள்ளவும் வழி இல்லை. அது புத்தக விலையில்தான் ஏறும். அடுத்த ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள் பையில் கொஞ்சம் கூடுதலாகவே பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பிரதிகள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் முதல் பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சடிப்பார்கள். இப்போது பல நல்ல புத்தகங்கள் முந்நூறு பிரதிதான். தேவைக்கு ஏற்ப நூறு, ஐம்பது என்று அச்சடித்துக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. பதிப்பாளருக்கு அதில் நஷ்டம் குறைவு, அதைத் தப்பு சொல்லவில்லை. ஆனால் முந்நூறு பேர் வாங்கி, முந்நூறு பேரும் என்னை மாதிரிப் பூட்டி வைத்தால், அந்தப் புத்தகத்துக்கு வாசகர் முந்நூறோடு முடிந்தது. சொல்லப்போனால் அதற்கும் குறைவு. வாங்கியதை எல்லாம் நாம் படித்துவிடுகிறோமா என்ன?

மூன்றாவது, தபால். போன வருஷம் டிசம்பர் 18 நினைவிருக்கிறதா? ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்கு சாகித்திய அகாதமி விருது அறிவித்த நாள். நம்ம சீமையின் கதைக்கு டெல்லியில் மரியாதை என்று நான் இங்கே குதித்தேன். அதே நாளில்தான் பதிவுப் புத்தகத் தபால் நின்றுபோனது. சென்னையில் இருந்து மேலகரத்துக்கு எனக்கு வந்த புத்தகங்களில் முக்கால்வாசி அந்தத் தபாலில் வந்தவை. கட்டு பிரிந்திருக்கும், முனை மடங்கியிருக்கும், ஆனால் வந்து சேரும். இந்த மே 1 முதல் அதற்குப் பதிலாக 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரை மார்க்கமாகத்தான் போகும், கொஞ்சம் மெதுவாகப் போகும். பாடப் புத்தகம், பண்பாட்டு நூல், சமய நூல் மாதிரி வியாபார நோக்கம் இல்லாத அச்சுப் பொருளாக இருக்க வேண்டும். அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் புத்தகம் அனுப்ப நினைக்கிறவர்கள் தபாலாபீஸில் கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், இனிமேல் புத்தகம் அச்சாவதும் குறைவு, வந்து சேர்வதும் செலவு. அப்படியானால் ஏற்கெனவே வீடுகளில் இருக்கிற புத்தகம் நடமாடியே ஆக வேண்டும்.

வீட்டில் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொத்தனார் வந்து மச்சு ஓட்டைச் சரிசெய்து, மேற்குச் சுவரைச் சுரண்டிப் பூசிவிட்டுப் போயிருக்கிறார். கரையானுக்கு மருந்தும் அடித்தாயிற்று. மிச்சம் இருக்கிற புத்தகங்களைப் பேத்தியும் நானும் கீழே இறக்கினோம். புரட்டாசி வெயிலில் மூன்று நாள் தட்டட்டியில் பாய் விரித்துக் காயப்போட்டோம். ஒரு பாயில் சுண்டை வத்தல், ஒரு பாயில் சிறுகதைகள். காக்கை வத்தல் பக்கம் மட்டும்தான் போனது.

இப்போது எல்லாம் தார்சாவில், கதவில்லாத மர அலமாரியில் இருக்கின்றன. தெருவில் போகிறவர்களுக்கும் தெரியும். பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று, நூலில் கட்டிய பேனா. பெயர், புத்தகம், தேதி. அவ்வளவுதான். முன்பணம் இல்லை, கெடு இல்லை. நோட்டு வீட்டம்மா பொறுப்பு, என்னை நம்பவில்லை. நியாயம்தான்.

முதல் பெயரை அவளே எழுதினாள். 'கோபல்ல கிராமம்' எடுத்திருக்கிறாள். அவளுக்குப் பிறந்த ஊர் எட்டயபுரம் பக்கம், கரிசல் காடு. கி.ரா. எழுதியது அவள் ஊர் மண்ணைத்தான். "இது இத்தனை வருசமா நம்ம வீட்டுலதானே இருக்கு, ஏன் படிக்கல?" என்று கேட்டுவிட்டேன். "எடுத்த எடத்துல வைக்கலன்னு சத்தம் போடுவியளேன்னு தொடல" என்றாள்.

ஈரக் கையோடு வந்த பையனுக்கு மட்டும்தான் நான் இல்லை என்று சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளேயே நாற்பது வருஷமாக ஒருத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ராத்திரி அடுக்களை வேலை முடிந்து அவள் பட்டாசலில் உட்கார்ந்து படிக்கிறாள். போன மாசம் கண்ணாடி மாற்றியது நல்லதாகப் போயிற்று. நடு நடுவே தனியாகச் சிரிக்கிறாள். என்னவென்று கேட்டால், "படிச்சு முடிச்சிட்டுத் தாரேன், நீங்களே பாத்துக்கிடுங்க" என்கிறாள்.

உங்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. அந்த 27 பேருக்கும் முதலில்: புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். படித்திருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். இரண்டாவது எல்லோருக்கும்: தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போது, உங்கள் பீரோவின் பின்பக்கத்தை ஒருமுறை கையை விட்டுத் தடவிப் பாருங்கள். முன்பக்கத்தைப் பார்த்து நம்ப வேண்டாம்.

கோயம்புத்தூர்க்காரன் தீபாவளிக்கு வருகிறான். 'என் சரித்திரம்' புதுப் பிரதி ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், தபாலில் வந்துகொண்டிருக்கிறது. அவனுக்குக் கொடுக்கத்தான். அவன் ஏற்கெனவே படித்துவிட்டான் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா,
மேலகரம்